ஒரே அறை, இரண்டு சாவி

கேள்வி: நான் திருச்சியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. கல்லூரி நாள் முதல் கூடவே இருக்கும் என் சிநேகிதி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறாள். இரண்டு பேரும் போர்ச்சுகல் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த நாட்டில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. என் மகன், "குரூப் டூர்ல போங்கம்மா" என்கிறான். எனக்கு முழங்கால் வலி உண்டு. நான் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அவள் மீன் சாப்பிடுவாள், வேகமாக நடப்பாள், கையில் பணமும் தாராளம். நான் பென்ஷனில் எண்ணிச் செலவு செய்கிறவள். தனியாகப் போகலாமா? 40 வருட நட்பு 12 நாளில் கெட்டுப்போய்விடுமோ என்பதுதான் என் உண்மையான பயம்.

— வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

மொழி, சாப்பாடு, முழங்கால் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 20 வருடமாகப் பயண ஆலோசகராக இருக்கிறேன். மொழி தெரியவில்லை என்று பாதியில் திரும்பி வந்தவர்களை இதுவரை பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், திரும்பி வந்த பிறகு பேச்சு நின்றுபோன சிநேகிதிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். குரூப் டூர் வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடி வரச் சொன்னால் உங்கள் முழங்கால் இரண்டாம் நாளே மறுத்துவிடும். இரண்டு பேராகப் போனால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரலாம்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் நானும் என் கல்லூரித் தோழியும் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் போயிருந்தோம். எல்லா ஏற்பாடும் என்னுடையது. ஓட்டல் முகவரி, அறைச் சாவி, டிக்கெட், இன்டர்நெட் இருக்கும் ஒரே சிம், எல்லாமே என் பையில்தான். அவள் கைப்பையில் கொஞ்சம் பணமும் ஒரு கண்ணாடிக் கூடும் இருந்தன. பாயிஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தில் ரயில் வந்ததும் நான் ஏறிவிட்டேன், கதவு மூடிக்கொண்டது, அவள் நடைமேடையில் நின்றுவிட்டாள். நான் அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் ரயிலில் திரும்பினேன். அதற்குள் அவள் என்னைத் தேடி அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள். இப்படியே மாறி மாறி ஒன்றரை மணி நேரம். கடைசியில் அதே நிலையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். "எனக்கு நான் தங்கியிருக்கிற இடத்தின் பேர்கூடத் தெரியலடீ" என்றாள். அன்று ராத்திரி இருவரும் பேசவில்லை.

தொலைந்துபோனதால் வந்த கோபம் இல்லை அது. நாலு நாளாக என் பின்னால் ஒரு குழந்தை மாதிரி நடந்திருக்கிறோம் என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அன்று முதல் சேர்ந்து பயணம் போகும் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கூட வருகிறவர் இல்லாமல் உங்களால் அறைக்குத் திரும்ப முடியுமா? இரண்டு பேரும் "முடியும்" என்று சொன்னால் அந்த நட்புக்கு ஆபத்து குறைவு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், ஏற்பாடு முழுவதையும் சிநேகிதி தலையில் போட்டுக்கொள்வார், நீங்கள் அவர் பின்னால் போவீர்கள் என்று தோன்றுகிறது. அதை விசாவிலிருந்தே மாற்ற வேண்டும்.

போர்ச்சுகல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. விசாவுக்கு நீங்கள் இருவரும் தனித்தனி விண்ணப்பதாரர்கள். சிநேகிதியின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது உங்கள் விண்ணப்பத்துக்கு உதவாது. உங்கள் பென்ஷன் ஆணை, உங்கள் வங்கிக் கணக்கு விவரம், உங்கள் கையெழுத்தில் உங்கள் பயணக் காரணம், எல்லாம் தனியாக வேண்டும். இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்கிறேன். ஓட்டல் பதிவை ஒருவர் பெயரில் மட்டும் போட்டுவிடுவார்கள். அப்படியானால் இன்னொருவருக்குத் தங்குமிடமே இல்லை என்றுதான் காகிதம் பேசும். பதிவுச் சீட்டில் இரண்டு பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அச்சாகி இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். அதனால் மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம், கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு விசா வந்து இன்னொருவருக்கு வராமல் போனால்? இதை இப்போதே பேசிவிடுங்கள். "நீ போய்ட்டு வா" என்பதா, "அடுத்த வருஷம் சேர்ந்தே போகலாம்" என்பதா, எதுவானாலும் சரி, விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பு பேசியிருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் பதிவுகளை மட்டும் செய்யுங்கள்.

சென்னையிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் ஐரோப்பியக் குடியேற்றச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால், அதுவும் ஷெங்கன் நாடு என்பதால் அங்கேயே முடிந்துவிடும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் வருகையைக் கணினியில் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. முகத்தைப் படம் பிடிப்பார்கள், வரிசை நீளலாம். அந்த வரிசையில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று உங்களையே கேட்பார்கள். சிநேகிதி பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது. ஓட்டல் பெயரையும் திரும்பும் தேதியையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வார்த்தை ஆங்கிலம் போதும்.

ஓட்டலுக்குப் போனதும் ரிசப்ஷனில் நீங்களே கேளுங்கள், "துவாஷ் ஷாவ்ஷ், போர் ஃபவோர்" என்று. "இரண்டு சாவி, தயவுசெய்து" என்று அர்த்தம். போர்ச்சுகீசில் சாவிக்கு 'ஷாவ்' என்று பெயர். நம் சாவியே அங்கிருந்து வந்த சொல்தான். அறைக்குள் போனால் அவர்களுடைய 'ஜனேலா' நம் ஜன்னல், 'அர்மாரியு' நம் அலமாரி. இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1554-இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. கிறிஸ்தவ சமயப் பாடநூல் அது. தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில்தான் வந்தது. ஒருவரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊருக்கு உங்கள் மொழியை 470 வருடமாகத் தெரியும்.

சரி, முழங்கால். லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள், அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. நடைபாதை முழுக்க வெள்ளையும் கருப்புமாகச் சின்னச் சின்னக் கல் பதித்திருப்பார்கள். பார்க்கக் கோலம் போட்ட மாதிரி அத்தனை அழகு. ஆனால் பல காலமாகக் கால் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்ட கல், மழை பெய்தால் சறுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூவை இங்கேயே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், செருப்பை அறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாலும் வேதனை. "மேலே டாக்ஸியில் போய் மெதுவா இறங்கி வந்துடலாம்" என்று சிநேகிதி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் ஜன்னலில் பூத்தொட்டி வைத்த வீடுகளை இன்டர்நெட்டில் பார்த்ததும் அங்கேயே தங்க ஆசை வரும். வேண்டாம், படிக்கட்டுச் சந்துகள், பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. பாயிஷா என்ற சமதளப் பகுதியில் லிஃப்ட் உள்ள இடமாகப் பாருங்கள். அங்கிருந்து கோட்டைப் பக்கம் மேலே போக ருவா டோஸ் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொது லிஃப்ட் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அதில் ஏறி வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு லிஃப்ட். பாதிக் குன்றை அதுவே ஏற்றிவிடும். 28-ஆம் எண் மஞ்சள் டிராமில் ஏற எல்லோரும் மார்டிம் மோனிஸில் வரிசை கட்டுவார்கள். மறுமுனையான காம்போ டி ஓரிக்கிலிருந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த டிராமில் பிக்பாக்கெட் தொல்லை உண்டு. பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவருடைய நடையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. தினமும் பாதி நாள் பிரிந்திருங்கள். காலை ஏழரைக்கு அவர் கிளம்பி மலை, கோட்டை என்று தன் வேகத்தில் சுற்றி வரட்டும். நீங்கள் மெதுவாகக் குளித்து, காலுக்கு எண்ணெய் தேய்த்து, தெருமுனைக் கடையில் ஒரு 'மெயா டி லெய்ட்' வாங்கி உட்காருங்கள். பாதி பால் கலந்த காபி அது, நம் காபிக்கு ஓரளவு பக்கத்தில் வரும். பதினொரு மணிக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் சந்தியுங்கள். அவர் பார்த்ததை அவர் சொல்வார், நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்வீர்கள். நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டே இருந்தால் மூன்றாம் நாள் பேச ஒன்றும் இருக்காது, குறை மட்டும்தான் கண்ணில் படும்.

மெட்ரோ அட்டையும் ஆளுக்கு ஒன்று வேண்டும். அரை யூரோ கொடுத்து அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது. ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றிக் காட்டி உள்ளே போக முடியாது. சிம்மும் இரண்டு. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: ரயிலில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நடைமேடையில் நிற்பவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். எனக்கு 2016-இல் இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த ராத்திரி எங்களுக்குள் மௌனம் இருந்திருக்காது. ஆபத்து அவசரத்துக்கு எண் 112.

சாப்பாட்டில் நீங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். "செங் கார்ன், செங் பெய்ஷ், செங் ஓவு" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். 'கால்டு வெர்ட்' என்ற கீரை சூப் பச்சையாக, சாதுவாகத் தெரியும், அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். கண்ணாடிப் பெட்டியில் நம் சமோசாவே உட்கார்ந்திருக்கும், 'ஷமூசா' என்பார்கள், கோவாவிலிருந்து போனது. உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான். புகழ்பெற்ற 'பாஷ்டெல் டி நாட்டா' இனிப்பு முட்டை மஞ்சள் கருவில் செய்வது, அது சிநேகிதிக்கு. ஆனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை, போர்ச்சுகீசியர் நிறைய அரிசி சாப்பிடுகிறவர்கள். தக்காளிச் சாதம், பயறு போட்ட சாதம் எல்லாம் உண்டு. எதில் வேகவைத்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

என் யோசனை, சமையலறை உள்ள அறையாக எடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், கொண்டைக்கடலை எல்லாம் கிடைக்கும். மார்டிம் மோனிஸ் பக்கம் இந்திய மளிகைக் கடைகளே இருக்கின்றன. ராத்திரி ஒருவேளை தயிர்சாதம் உள்ளே போனால் மறுநாள் தெம்பாக எழுந்திருப்பீர்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். நெய்யும் பால் இனிப்பும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். மருந்துகளை டாக்டர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். உங்கள் சீட்டின் நகல் அவரிடமும் அவருடைய நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

12 நாளுக்கு மூன்று ஊர் போதும். லிஸ்பனில் ஐந்து ராத்திரி தங்குங்கள். அதில் ஒரு நாள் ரோசியு நிலையத்திலிருந்து 40 நிமிட ரயிலில் சின்ட்ரா. அங்கே குன்றின் மேல் இருக்கும் பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், சின்ட்ரா நிலையத்திலிருந்து 434 எண் பஸ் மேலே கொண்டுபோகும். லிஸ்பனின் பெலேங் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. கள்ளிக்கோட்டைக்கு வந்திறங்கிய அந்த மனிதரைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த நாம் அந்தக் கல்லுக்கு முன் நிற்கும்போது மனசு ஒரே மாதிரி இருக்காது. பிறகு கோயிம்ப்ராவில் இரண்டு ராத்திரி. 1290-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதன் பழைய நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ராத்திரியில் அவை புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்னும், எச்சம் விழாமல் இருக்க மேசைகளுக்குத் தோல் போர்த்தி மூடிவிட்டுப் போவார்கள். வாசிப்பவர் நீங்கள், அந்த நூலகத்துக்கு அவசரப்படாமல் போங்கள். அப்புறம் போர்ட்டோ மூன்று ராத்திரி. சாவ் பென்டு ரயில் நிலையத்தின் சுவரில் மட்டும் சுமார் 20,000 நீல ஓடுகள். ஆற்றங்கரைக்கு இறங்கும் தெரு செங்குத்து, டாக்ஸி எடுங்கள். அங்கிருந்து லிஸ்பனுக்கு வேக ரயிலில் மூன்று மணி நேரம், சீக்கிரம் வாங்கினால் டிக்கெட் மலிவு. மே மாதமோ செப்டம்பரோ போனால் வெயிலும் கூட்டமும் தாங்கும்.

கடைசியாகப் பணம். இதைத்தான் சிநேகிதியிடம் பேசத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. தாராளமாகச் செலவு செய்கிறவருடன் போகும்போது எண்ணிச் செலவு செய்கிறவர்தான் உள்ளுக்குள் நோவார். அவர் "நான் குடுத்துக்கறேன் விடு" என்பார், நல்ல மனசோடுதான் சொல்வார். நாலு தடவை அப்படி நடந்தால் அடுத்த நாள் எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அதனால் ஒரு பொதுப் பை வையுங்கள். தினமும் காலையில் இருவரும் சமமாக, ஆளுக்கு 35 யூரோ என்று வைத்துக்கொள்வோம், அதில் போட வேண்டும். இருவரும் சேர்ந்து சாப்பிடுவது, டாக்ஸி, மளிகை எல்லாம் அந்தப் பையிலிருந்து. அவருக்கு மட்டும் வேண்டிய மீன் சாப்பாடு, கடைச் சாமான், ஃபாடு பாட்டுக் கச்சேரி எல்லாம் அவரவர் பையிலிருந்து. பொதுப் பையை ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டை ஆளுக்கு ஒன்றாக, வேறு வேறு வங்கியினுடையதாக இருக்கட்டும். ஏடிஎம் "ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையில் நஷ்டம்.

இதை எப்படிக் கேட்பது? போனில் வேண்டாம். அவரை மலைக்கோட்டைக்குக் கூப்பிடுங்கள். அவர் வேகத்தில் அவர் ஏறட்டும், நீங்கள் உங்கள் வேகத்தில் தாயுமானவர் சந்நிதி வரை போய் உட்காருங்கள். உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்ததும் சொல்லுங்கள்: "லிஸ்பன்லயும் இப்படித்தான் போகப்போறோம். நீ மேல போய்ட்டு வா, நான் இங்க இருக்கேன். காசு மட்டும் ஒரே பையில சமமாப் போட்டுக்கலாம், அப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கும்." 40 வருடம் கூட இருந்தவர், புரிந்துகொள்வார்.

என் தோழியும் நானும் மறுநாள் காலை அதே நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் காபி குடித்தோம். குடித்து முடித்ததும் அவள் தன் கைபேசியில் ஓட்டல் முகவரியை ஏற்றிக்கொண்டாள், என்னிடமிருந்து ஒரு சாவியை வாங்கிக்கொண்டாள், "நீ போ, நான் சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இந்த வருடம் நாங்கள் இருவரும் மறுபடி கிளம்புகிறோம்.